முதல் ஐ.வி.எஃப். சுழற்சிக்கு முன்: கோப்பு, தேதி, செலவு, கேட்க வேண்டிய கேள்விகள்

குழந்தைக்காக முதல்முறை ஒரு சிகிச்சை மையத்துக்குப் போகும் தம்பதிக்கு ஒரே நாளில் இருபது விஷயம் சொல்லப்படும். வீடு வந்து சேர்வதற்குள் பாதி மறந்துவிடும். மீதியில் எது அவசியம், எது கூடுதல், எதற்கு ஆய்வுச் சான்றே கிடையாது என்று பிரிக்கத் தெரியாமல் கையெழுத்தும் போட்டாகிவிடும். அந்தப் பிரிப்பைச் செய்வதற்குத்தான் இந்த வழிகாட்டி. ஐ.வி.எஃப். என்பது ஊசி போட்டு வளர்த்த கருமுட்டைகளை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் விந்தணுவோடு சேர்த்து, உருவான கருவைக் கருப்பைக்குள் மாற்றி வைக்கும் சிகிச்சை; அதன் ஒரு முழுச் சுற்றைத்தான் சுழற்சி என்கிறார்கள். மருத்துவர் சொல்வதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளாதீர்கள். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போகப் பயன்படுத்துங்கள்.

1. எப்போது போவது, போவதற்கு முன்பே எதைத் தொடங்குவது

கருத்தடை எதுவும் இல்லாமல் 12 மாதம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் பரிசோதனைக்குப் போக வேண்டும். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதமே போதும். 40 தாண்டியிருந்தால் காத்திருக்கவே வேண்டாம். மாதவிலக்கு 21 நாளுக்குள்ளோ 35 நாளுக்கு மேலோ வருவது, கருப்பை உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருப்பது, இடுப்புப் பகுதியில் முன்பு அறுவைச் சிகிச்சை நடந்திருப்பது, ஆணுக்குச் சிறுவயதில் விரை இறங்காமல் இருந்தது, இருவரில் ஒருவர் புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்தது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மாதக் கணக்குப் பார்க்காதீர்கள்.

இருவரும் சேர்ந்தே போங்கள். மனைவிக்கு மட்டும் வரிசையாகப் பரிசோதனைகள் நடந்து, ஓராண்டு கழித்துத்தான் கணவரின் விந்தணு எண்ணிக்கை தெரியவருவது இன்றைக்கும் நடக்கிறது. அந்த ஓராண்டு 37 வயதுப் பெண்ணுக்குத் திரும்பக் கிடைக்காது.

இப்போதே தொடங்க வேண்டியவை மூன்று. பெண் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்க வேண்டும். நீரிழிவோ வலிப்பு மருந்தோ இருந்தால் அளவு கூடும், அதை மருத்துவர் சொல்வார். ரூபெல்லா எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் தடுப்பூசி போட வேண்டும். போட்ட பிறகு ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது என்பதால் இதைத் தள்ளிப்போட்டால் சுழற்சியும் தள்ளிப்போகும். ஆண் டெஸ்டோஸ்டிரான் ஊசியோ ஜிம்மில் கிடைக்கும் ஸ்டீராய்டோ எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆண்மைக்கு நல்லது என்று விற்கப்படும் இந்த ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடியது. அது மீண்டு வர மாதக்கணக்கில் ஆகும்.

2. கோப்பு

ஒரே ஒரு கோப்பு, தேதி வரிசையில். இருவரின் அடையாள ஆவணங்கள், அந்தந்த நாட்டுச் சட்டம் கேட்டால் திருமணச் சான்று, இதுவரை எடுத்த எல்லா ரத்தப் பரிசோதனைகள், ஸ்கேன் அறிக்கைகள், அறுவைச் சிகிச்சைக் குறிப்புகள், எடுத்துக்கொண்ட மருந்துகளின் பெயரும் அளவும், கடைசி ஆறு மாதவிலக்குத் தேதிகள். எக்ஸ்ரேவும் ஸ்கேனும் அறிக்கைத் தாளாக மட்டும் இருந்தால் போதாது. படத்தையும் கேட்டு வாங்குங்கள். இன்னொரு மருத்துவரிடம் போகும்போது அவர் படத்தைத்தான் பார்க்க விரும்புவார்.

மூன்று இடத்தில் சறுக்கும். முதலாவது, பெயர். அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் திருமணச் சான்றில் வேறு மாதிரியும் இருந்தால் ஒப்புதல் படிவம் நின்றுவிடும். கருமுட்டையிலும் விந்திலும் ஒட்டும் சீட்டு அந்தப் பெயரில்தான் வரும் என்பதால் இதில் மையங்கள் கறாராக இருக்கும், இருக்கவும் வேண்டும். இரண்டாவது, தொற்றுப் பரிசோதனைகள். ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிஃபிலிஸ் ஆகிய நான்கும் இருவருக்கும் கேட்கப்படும். இவற்றுக்குக் காலக்கெடு உண்டு. எத்தனை மாதம் என்று உங்கள் மையத்திடம் கேட்டுவிட்டு எடுங்கள். சீக்கிரமே எடுத்துவைத்துச் சுழற்சி தொடங்கும் வாரத்தில் காலாவதியானால் மறுபடியும் அதே செலவு. மூன்றாவது, அலகு. சினைப்பையின் முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். என்ற ஹார்மோன் ஒரு ஆய்வகத்தில் நானோகிராமிலும் இன்னொன்றில் பிகோமோலிலும் வரும். 1 நானோகிராம்/மி.லி. என்பது ஏறத்தாழ 7.14 பிகோமோல்/லிட்டர். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் காரணமில்லாமல் பயப்படுவீர்கள், அல்லது காரணமில்லாமல் நிம்மதி அடைவீர்கள்.

3. விந்துப் பரிசோதனை

செலவில் சிறியது, வலியில்லாதது, முதலில் செய்ய வேண்டியது. ஆனால் முறை தவறினால் முடிவு பொய்யாகிவிடும்.

பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். நாள் கூடினால் நல்லது என்று பத்து நாள் காத்திருப்பவர்கள் உண்டு; அப்போது அசைவில்லாத பழைய அணுக்கள் கூடி அசைவு விகிதம் குறைந்து தெரியும். உமிழ்நீர், வழவழப்புக் களிம்பு எதுவும் படக் கூடாது. சாதாரண ஆணுறையும் ஆகாது. வீட்டில் எடுத்தால் உடல் சூட்டிலேயே, உடையோடு ஒட்டிவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். விந்தின் முதல் துளிகளில்தான் அணுக்கள் அதிகம். அந்தப் பகுதி டப்பாவுக்கு வெளியே சிந்தியிருந்தால் வெட்கப்படாமல் ஆய்வகத்தில் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் எண்ணிக்கை குறைவு என்று தாளில் ஏறி, அதை வைத்தே சிகிச்சை முடிவாகும்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின் கீழ் எல்லைகள் இவை: அளவு 1.4 மி.லி., ஒரு மி.லி.க்கு 1.6 கோடி அணுக்கள், மொத்தம் 3.9 கோடி, மொத்த அசைவு 42 சதவீதம், முன்னோக்கி நகர்பவை 30 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம். வடிவம் 4 சதவீதம்தானா என்று அதிர்ச்சி அடைய வேண்டாம், அதுதான் எல்லை. ஓராண்டுக்குள் தந்தையான ஆண்களை அளந்து, அவர்களில் கடைசி 5 சதவீதம் நிற்கும் இடத்தில் இந்தக் கோடுகள் போடப்பட்டன. கோட்டுக்குக் கீழே இருந்தால் முடியாது என்றோ மேலே இருந்தால் உறுதி என்றோ பொருளில்லை.

முடிவு சரியில்லை என்றால் ஒரே தாளை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். போன மாதம் வந்த கடும் காய்ச்சல் இந்த மாத முடிவில் தெரியும். எனவே காய்ச்சலோ மருந்தோ காரணமாக இருக்கலாம் என்றால் மூன்று மாதம் விட்டு எடுங்கள். அணுக்களே இல்லை என்று வந்தால் மட்டும் காத்திருக்காமல் ஆண் மலட்டுத்தன்மை பார்க்கும் சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம் போங்கள். ஹார்மோன், குரோமோசோம், ஒய் குரோமோசோமில் சிறு பகுதி இழப்பு ஆகிய பரிசோதனைகளுக்குப் பிறகுதான் விரையிலிருந்து அணுவை எடுக்க முடியுமா என்று சொல்ல முடியும்.

இந்தக் கட்டத்தில்தான் மாத்திரைப் பட்டியல் நீளும். அமெரிக்காவில் 2,370 ஆண்களுக்கு ஆறு மாதம் 30 மி.கி. துத்தநாகமும் 5 மி.கி. ஃபோலிக் அமிலமும், அல்லது போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020-இல் வெளியானது. விந்தின் தரமும் உயரவில்லை, பிறந்த குழந்தைகளும் கூடவில்லை. புகையை நிறுத்துவதற்கும் எடையைக் குறைப்பதற்கும் பணம் தேவையில்லை, அதிலிருந்து தொடங்குங்கள்.

4. பெண்ணுக்கான பரிசோதனைகள்: எந்த நாளில் எது

முதல் நாள் என்பது முழு உதிரப்போக்கு தொடங்கும் நாள். அதற்கு முந்தைய சொட்டுக் கறையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இந்த ஒன்று தவறினால் பின்னால் வரும் எல்லாத் தேதியும் தவறும்.

முட்டை வளர்ச்சியைத் தூண்டும் எஃப்.எஸ்.ஹெச்., சினைப்பை சுரக்கும் எஸ்ட்ரடையால் ஆகிய இரண்டு ஹார்மோன்களையும் 2 முதல் 4-ஆம் நாளுக்குள் ஒரே ரத்தத்தில் பார்க்க வேண்டும். எஸ்ட்ரடையால் கூடியிருந்தால் எஃப்.எஸ்.ஹெச்.ஐ அது அமுக்கிக் குறைவாகக் காட்டும். தனியாக எடுத்த எஃப்.எஸ்.ஹெச்.ஐ நம்ப முடியாது. சினைப்பையில் முட்டை வளரும் சிறு நீர்ப்பைகளான ஃபாலிக்கிள்களை எண்ணும் ஸ்கேனும் அதே நாட்களில்தான். ஏ.எம்.ஹெச்.ஐ எந்த நாளிலும் எடுக்கலாம். கருத்தடை மாத்திரை சாப்பிடும் காலத்தில் குறைத்துக் காட்டும். தைராய்டும் புரோலாக்டினும் எந்த நாளிலும் சரி. முடிக்காகவோ நகத்துக்காகவோ பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் ஆய்வகத்தில் சொல்லுங்கள், சில ஹார்மோன் அளவீடுகளை அது கெடுக்கும்.

அண்டவிடுப்பு (சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறுவது) நடந்ததா என்று பார்க்கும் புரோஜெஸ்டிரான் பரிசோதனையை 21-ஆம் நாள் என்று தாளில் எழுதிக் கொடுப்பார்கள். அது 28 நாள் சுழற்சிக்கு மட்டும். அடுத்த மாதவிலக்குக்கு 7 நாள் முன்பு என்பதே சரியான கணக்கு. 35 நாள் சுழற்சி உள்ளவர் 21-ஆம் நாள் எடுத்தால் அண்டவிடுப்பே நடக்கவில்லை என்று தவறாக வரும். அவருக்கு அது 28-ஆம் நாள்.

கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே உதிரம் நின்ற பிறகு, அண்டவிடுப்புக்கு முன் செய்யப்படும். வயிறு பிசையும் வலி சில நிமிடம் இருக்கும்; வலி மாத்திரையை முன்கூட்டியே கேளுங்கள். இதில் செலுத்தும் மருந்து நீர் சார்ந்ததா எண்ணெய் சார்ந்ததா என்பது கேட்கத் தகுந்த கேள்வி. நெதர்லாந்தில் 1,119 பெண்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், எண்ணெய் மருந்து பெற்றவர்களில் 39.7 சதவீதத்தினருக்கும் நீர் மருந்து பெற்றவர்களில் 29.1 சதவீதத்தினருக்கும் ஆறு மாதத்துக்குள் கரு தங்கி வளர்ந்தது. எண்ணெய் மருந்தில் அயோடின் அதிகம் என்பதால் தைராய்டு கோளாறு உள்ளவர்கள் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஏ.எம்.ஹெச். பற்றி ஒரு வார்த்தை. அது ஊசி போட்டால் எத்தனை முட்டை வரும் என்பதை ஓரளவு சொல்லும். இயற்கையாகக் கருத்தரிக்க முடியுமா என்பதைச் சொல்லாது. மலட்டுத்தன்மை இல்லாத 30 முதல் 44 வயதுப் பெண்களைத் தொடர்ந்து பார்த்த 2017 ஆய்வில், ஏ.எம்.ஹெச். குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே கருத்தரித்தார்கள். முட்டையின் தரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வயது.

5. ஐ.வி.எஃப். இப்போதே வேண்டுமா

இரண்டு குழாயும் அடைபட்டிருந்தாலோ விந்தணு மிகக் குறைவாக இருந்தாலோ நேரே ஐ.வி.எஃப். மற்றவர்களுக்கு முந்தைய படிகள் உண்டு.

சினைப்பையில் சிறு நீர்க்கட்டிகள் சேரும் ஹார்மோன் கோளாறான பி.சி.ஓ.எஸ். காரணமாக அண்டவிடுப்பு நடக்காதவர்களுக்கு முதல் மருந்து லெட்ரோசோல் மாத்திரை. 750 பெண்களிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், ஐந்து சுழற்சி வரை எடுத்தபோது லெட்ரோசோலில் 27.5 சதவீதமும் பழைய மாத்திரையான குளோமிஃபீனில் 19.1 சதவீதமும் குழந்தைப்பேறு. இன்னும் பழக்கத்தால் குளோமிஃபீன் எழுதப்பட்டால் காரணம் கேளுங்கள். காரணம் தெரியாத மலட்டுத்தன்மைக்கு, விந்தைத் தயார்செய்து நேரே கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யூ.ஐ. முயலலாம். நியூசிலாந்தில் 201 தம்பதிகளிடம் நடந்த 2018 ஆய்வில், மாத்திரையுடன் மூன்று ஐ.யூ.ஐ. செய்தவர்களில் 31 சதவீதத்தினருக்கும், சும்மா காத்திருந்தவர்களில் 9 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. மூன்று, நான்கு முறைக்குப் பிறகும் ஐ.யூ.ஐ.யையே தொடர்வது காலத்தையும் பணத்தையும் கரைப்பது. வயது 38-க்கு மேல் என்றால் அவ்வளவு முறைகூடக் காத்திருக்க வேண்டுமா என்று வெளிப்படையாகப் பேசுங்கள்.

6. செலவுத் தாளை எழுத்தில் வாங்குதல்

விளம்பரத்தில் இருக்கும் தொகை ஒரு சுழற்சியின் மொத்தச் செலவாக இருப்பது அரிது. கீழே உள்ள ஒவ்வொன்றும் தொகுப்பில் அடங்குமா, தனியா என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள்:

- ஊசி மருந்துகள் (பெரும்பாலும் தனி, தேவைப்படும் அளவு ஆளுக்கு ஆள் மாறும்)
- கண்காணிப்பு ஸ்கேன்களும் ரத்தப் பரிசோதனைகளும்
- மயக்க மருந்தும் அறுவை அறையும்
- இக்சி (ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துதல்)
- கருவை 5-ஆம் நாள் வரை வளர்த்தல்
- உறைய வைத்தல், முதலாண்டுச் சேமிப்பு, அதன்பின் ஆண்டுக் கட்டணம்
- உறைந்த கருவை மாற்றும் சுழற்சி, அதற்கான மருந்து

இதற்கு மேல் இரண்டு கேள்வி. ஊசி போட்டும் முட்டை வளராமல் சுழற்சி பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? மாற்றுவதற்குக் கருவே உருவாகவில்லை என்றால்? இந்த இரண்டும் நடக்கக்கூடியவை. பதில் வாய்மொழியாக இருந்தால் அது பதிலே இல்லை.

7. வெற்றி விகிதத்தைப் படிக்கும் விதம்

எந்தச் சதவீதத்தைக் கேட்டாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எது வெற்றி, எத்தனை பேரில்?

ஒரு கற்பனைக் கணக்கு. 100 பெண்கள் ஊசியைத் தொடங்குகிறார்கள். 90 பேருக்கு முட்டை எடுக்கப்படுகிறது. 70 பேருக்குக் கரு மாற்றப்படுகிறது. 30 பேருக்குப் பரிசோதனை பாசிட்டிவ். 24 பேருக்குக் குழந்தை பிறக்கிறது. இதே மையம் 30-ஐ 70-ஆல் வகுத்து 43 சதவீதம் என்றும் சொல்லலாம். 24-ஐ 100-ஆல் வகுத்து 24 சதவீதம் என்றும் சொல்லலாம். இரண்டும் பொய்யில்லை. இன்று ஊசியைத் தொடங்கப்போகும் உங்களுக்கு வேண்டியது இரண்டாவது எண்.

உங்கள் வயதுக்காரர்களின் எண்ணை மட்டும் கேளுங்கள். தானமாகப் பெற்ற கருமுட்டையில் நடந்த சுழற்சிகளைக் கழித்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்; அவற்றில் முட்டை இளம்பெண்ணுடையது என்பதால் சராசரி தூக்கலாகத் தெரியும். ஒருமுறை முட்டை எடுத்து அதிலிருந்து கிடைத்த எல்லாக் கருக்களையும் மாற்றி முடிக்கும்வரை பார்க்கும் கூட்டு விகிதம் இருந்தால் அதுவே சிறந்தது. இரட்டைக் குழந்தை விகிதமும் கேளுங்கள். அது உயர்ந்திருந்தால் அங்கே இரண்டு, மூன்று கருக்களை ஒன்றாக வைக்கிறார்கள் என்று அர்த்தம். குறைப்பிரசவத்தின் சுமை தாய்க்கும் சேய்க்கும்தான்.

8. கூடுதல் சேவைகளுக்குக் கையெழுத்துப் போடுமுன்

பணமும் நம்பிக்கையும் அதிகம் கசியும் இடம் இது. "இதையும் சேர்த்துச் செய்துவிட்டால் வாய்ப்பு கூடும்" என்ற ஒரு வரிக்கு, எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று தவிக்கும் மனம் எளிதில் தலையாட்டிவிடும். பெரிய ஆய்வுகள் என்ன கண்டன என்பதைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

கருப்பை உட்சுவரைக் கீறிவிடுதல்: 1,364 பெண்களிடம் நடந்த 2019 ஆய்வில் கீறியவர்களுக்கும் கீறாதவர்களுக்கும் குழந்தைப்பேறு ஒரே 26.1 சதவீதம். வலி மட்டும் மிச்சம்.

விந்தணு இயல்பாக இருக்கும்போது இக்சி: வியட்நாமில் 1,064 தம்பதிகளிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில் இக்சியில் 35, சாதாரண ஐ.வி.எஃப்.இல் 31 சதவீதம் குழந்தைப்பேறு. இந்த இடைவெளி தற்செயலாக வரக்கூடிய அளவுக்குள்தான் இருந்தது. விந்தணு குறைபாட்டுக்கு இக்சி அவசியம். அது இல்லாதபோது காரணம் கேளுங்கள்.

கருவின் குரோமோசோம் எண்ணிக்கையைப் பார்க்கும் பி.ஜி.டி.-ஏ: நல்ல வாய்ப்புள்ள பெண்களிடம் சீனாவில் நடந்த 2021 ஆய்வில் பரிசோதித்தவர்களில் 77.2, பரிசோதிக்காதவர்களில் 81.8 சதவீதம் கூட்டுக் குழந்தைப்பேறு. பரிசோதனை கருவைத் திருத்தாது. இருப்பதில் தேர்ந்தெடுக்க மட்டும் உதவும். குடும்பத்தில் அறியப்பட்ட மரபணு நோய்க்காகச் செய்யும் பரிசோதனை வேறு, அதை இதோடு குழப்பாதீர்கள்.

கரு ஏற்கும் நாளைக் கண்டறியும் கருப்பைச் சுவர்ப் பரிசோதனை: 2022 ஆய்வில் பரிசோதனைப்படி நாளை மாற்றியவர்களில் 58.5, வழக்கமான நாளில் மாற்றியவர்களில் 61.9 சதவீதம் குழந்தைப்பேறு. கருவை இடைவிடாமல் படமெடுக்கும் டைம்-லேப்ஸ் பெட்டியும் 2024-இல் வெளியான பெரிய ஆய்வில் குழந்தைப்பேற்றைக் கூட்டவில்லை.

எல்லாக் கருவையும் உறையவைத்துப் பிறகு மாற்றுவதில் மட்டும் பதில் ஆளைப் பொறுத்தது. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களிடம் நடந்த 2016 ஆய்வில் குழந்தைப்பேறு 42-இலிருந்து 49.3 சதவீதமாக உயர்ந்தது. சினைப்பை வீங்கும் ஆபத்து 7.1-இலிருந்து 1.3 சதவீதமாகக் குறைந்தது. பி.சி.ஓ.எஸ். இல்லாதவர்களிடம் 2018-இல் வெளியான ஆய்வுகளில் அந்த ஆதாயம் இல்லை.

இந்தப் பட்டியலில் இல்லாத வேறொரு சேவையை மையம் சொன்னால் சரிபார்க்க இடம் உண்டு: பிரிட்டனின் கருத்தரிப்புச் சிகிச்சை ஒழுங்காற்று அமைப்பான ஹெச்.எஃப்.இ.ஏ. ஒவ்வொரு கூடுதல் சேவைக்கும் நிறக்குறியீடு போட்டு வைத்திருக்கிறது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்புரைகளுக்கு உள்ள எளிய சுருக்கமும் இலவசம். ஒரு ஆய்வைக் காட்டி யாராவது பேசினால் நான்கு விஷயம் பாருங்கள்: குலுக்கல் முறையில் பிரித்தார்களா, வெற்றியாக எண்ணியது கருத்தரிப்பையா குழந்தைப்பேற்றையா, எத்தனை பேர், ஆய்வு தொடங்கும் முன்பே பதிவு செய்யப்பட்டதா. "10 சதவீதம் உயர்வு" என்றால் நூறு பேரில் 20 பேர் 22 ஆனார்களா, 20 பேர் 30 ஆனார்களா என்று கேளுங்கள். இரண்டையும் அப்படிச் சொல்ல முடியும்.

நீங்களே ஓர் ஆய்வில் சேர அழைக்கப்பட்டால் அது நல்ல வாய்ப்பாகவும் இருக்கலாம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பதிவு எண், தகவல் தாளின் நகல் மூன்றும் கைக்கு வர வேண்டும். எந்தக் குழு என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. எப்போது விலகினாலும் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கக் கூடாது. சோதிக்கப்படும் சேவைக்கே உங்களிடம் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

9. ஊசி நாட்கள்

வழக்கமாக மாதவிலக்கின் 2-ஆம் அல்லது 3-ஆம் நாள் தொடங்கி 8 முதல் 12 நாள், தினமும் ஒரே நேரத்தில், வயிற்றுத் தோலுக்கு அடியில். இடையில் மூன்று முதல் ஐந்து முறை ஸ்கேன். அலுவலக விடுப்பை அதற்கேற்பத் திட்டமிடுங்கள், தேதியை முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. ஃபாலிக்கிள் வளர்ந்ததும் முட்டை முன்னதாக வெளியேறாமல் தடுக்க இரண்டாவது ஊசி சேரும்.

பேனா ஊசியில் புதிய முனையைப் பொருத்தி, ஒரு துளி எட்டிப்பார்க்கிறதா என்று பாருங்கள். அளவைத் திருப்பி வைத்து, அழுத்தி, சன்னலில் 0 வந்த பிறகும் சில நொடி அப்படியே பிடித்திருங்கள். 0 வராமல் வேறு எண்ணில் நின்றால் மருந்து தீர்ந்துவிட்டது. பல பேனாக்களில் அந்த எண்தான் அடுத்த பேனாவிலிருந்து போட வேண்டிய மீதி. குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், உறைபெட்டியை ஒட்டி வேண்டாம். உறைந்த மருந்து வீண்.

குறைந்தது மூன்று ஃபாலிக்கிள் 17, 18 மி.மீ. வந்ததும், முட்டையைக் கடைசியாக முதிரவைக்கும் டிரிக்கர் ஊசி. முழுச் சுழற்சியிலும் நிமிடக் கணக்கு முக்கியமாவது இந்த ஒரு ஊசிக்குத்தான். அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டை எடுக்கப்படும். முன்னதாக எடுத்தால் முட்டை முதிர்ந்திருக்காது, தாமதித்தால் வெளியேறியிருக்கும். இரவு 10 என்று சொன்னால் 10 மணிக்கே போடுங்கள். இருவர் கைப்பேசியிலும் அலாரம் இருக்கட்டும். தவறிவிட்டால் உடனே மையத்துக்குச் சொல்லுங்கள், அறுவை நேரத்தை மாற்றிக் காப்பாற்ற முடியும். மறைத்தால் முடியாது.

ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடினாலோ வயிறு உப்பினாலோ சிறுநீர் குறைந்தாலோ மூச்சு வாங்கினாலோ, அது நள்ளிரவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். மையத்தின் இரவு நேர எண்ணை முதல் நாளே வாங்கி வையுங்கள்.

10. முட்டை எடுத்த பிறகு வரும் எண்கள்

மயக்கத்தில் அரை மணி நேர வேலை. சொன்னபடி வெறும் வயிறு. 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. உடன் ஒருவர் வேண்டும்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் எண் குறையும். இதை முன்பே தெரிந்திராதவர்கள் உடைந்துபோகிறார்கள். 12 முட்டை எடுத்தால் 9, 10 முதிர்ந்திருக்கும். அதில் 6, 7 கருவுறும்; அதை 16 முதல் 18 மணி நேரத்தில் பார்த்துச் சொல்வார்கள். 5-ஆம் நாள், நன்கு வளர்ந்த கருவின் நிலையான பிளாஸ்டோசிஸ்ட்டை எட்டுவது பெரும்பாலும் 3. இது இயல்பான சரிவு, யாருடைய தவறும் இல்லை. ஒவ்வொரு எண்ணையும் கேட்டுக் கோப்பில் எழுதுங்கள்.

11. கருவை மாற்றுதலும் காத்திருப்பும்

மயக்கம் பொதுவாகத் தேவையில்லை. ஸ்கேனில் தெரிய ஓரளவு நிறைந்த சிறுநீர்ப்பை வேண்டும். நல்ல பிளாஸ்டோசிஸ்ட் இருந்தால் ஒன்றே போதும், மற்றதை உறைய வையுங்கள்.

மாற்றிய பிறகு படுக்கையிலேயே கிடப்பது பலன் தராது என்றே ஆய்வுகள் சொல்கின்றன. கழிவறைக்குப் போனால் கரு விழுந்துவிடாது. புரோஜெஸ்டிரான் மருந்தை மட்டும் ஒரு வேளையும் விடாதீர்கள். லேசான இரத்தக்கசிவு வந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உறைந்த கருவை மாற்றும்போது, உங்களுக்கு அண்டவிடுப்பு ஒழுங்காக நடக்கிறதென்றால் இயற்கைச் சுழற்சியில் செய்ய முடியுமா என்று கேளுங்கள். முழுக்க ஹார்மோன் மருந்தில் தயாராகும் சுழற்சிகளில் கர்ப்பகால ரத்த அழுத்தம் கூடுதலாகக் காணப்படுவதாகக் கண்காணிப்பு ஆய்வுகள் சொல்கின்றன.

கர்ப்பத்தைக் காட்டும் பீட்டா ஹெச்.சி.ஜி. ஹார்மோனை ரத்தத்தில் பார்ப்பது 9 முதல் 14 நாள் கழித்து, மையம் சொல்லும் தேதியில். அதற்கு முன் வீட்டில் சோதித்தால் டிரிக்கர் ஊசியின் ஹெச்.சி.ஜி. இன்னும் உடலில் இருந்து பொய்யாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும். பாசிட்டிவ் என்றால் 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். முதல் எண்ணைவிட அது எவ்வளவு ஏறுகிறது என்பதே முக்கியம். 6, 7 வாரத்தில் ஸ்கேன். ஐ.வி.எஃப்.இலும் குழாயில் கரு தங்கலாம். ஒருபக்க வயிற்று வலியோ தலைசுற்றலோ வந்தால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

12. இந்த முறை தங்கவில்லை என்றால்

அழுது முடித்த பிறகு, ஒரு வாரத்துக்குள் சுழற்சியின் முழுப் பதிவை எழுதிக் கேளுங்கள்: ஊசியின் மொத்த அளவும் நாட்களும், டிரிக்கர் நாளின் எஸ்ட்ரடையாலும் புரோஜெஸ்டிரானும், ஃபாலிக்கிள், முட்டை, முதிர்ந்தவை, கருவுற்றவை எண்ணிக்கை, ஒவ்வொரு கருவின் தரம், கருப்பைச் சுவரின் தடிமன், மாற்றும்போது சிரமம் இருந்ததா. இதே மருத்துவரிடம் தொடர்ந்தாலும் வேறு கருத்துக் கேட்டாலும் இந்தத் தாள்தான் அடுத்த முடிவுக்கு அடிப்படை. அது இல்லாமல் அடுத்த மையம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், நீங்கள் மறுபடி கட்டுவீர்கள்.

உறைந்த கரு மீதமிருந்தால் சேமிப்பு முடியும் தேதியைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஒருவர் இறந்தாலோ பிரிந்தாலோ அவற்றை என்ன செய்வது என்ற பத்தியை இருவரும் சேர்ந்து படித்தே கையெழுத்திடுங்கள். வீடோ கைப்பேசி எண்ணோ மாறினால் மையத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான பதிலை வாங்கி வையுங்கள். நினைவூட்டல் பழைய முகவரிக்குப் போய்க் கெடு முடிந்துவிட்டால், ஒப்பந்தப்படி கருக்களை அகற்றும் உரிமை மையத்துக்கு வந்துவிடக்கூடும்.